செங்காந்தள்: காட்டிலும் வயலிலும் மரபணுப் பன்முகத்தன்மையை அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மாதத்தில் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கண்வலிக்கொடி எனப்படும் செங்காந்தள் வயல்கள் பூத்து நிற்கும். ஒரே வயலில் ஆயிரக்கணக்கான கொடிகள் கம்பிப் பந்தலைப் பிடித்து ஏறியிருக்கும். இவ்வளவு கொடிகளும் மரபணு அளவில் எத்தனை தனிச்செடிகள்? ஆயிரமா, நூறா, ஐந்தா? பக்கத்து மலையடிவாரத்தில் முட்புதருக்குள் பூத்திருக்கும் இருபது கொடிகளைவிட இந்த ஏக்கர் முழுவதும் அதிக வேறுபாட்டைத் தாங்கி நிற்கிறதா, குறைவாகவா? இந்தக் கேள்விக்கு நம்பத்தகுந்த விடையைப் பெறும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தாவரவியல், உயிர்தொழில்நுட்ப முதுகலை மாணவர்களையும், ஆய்வைத் தொடங்கவிருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதினாலும், மூலிகை சாகுபடி செய்யும் விவசாயிகளுக்கும் பாதிக்குமேல் பயன்படும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிழங்கால் பெருகும் மூலிகையில் முதலில் எண்ண வேண்டியது தனிச்செடிகளை. அல்லீல் (ஒரே மரபணு இடத்தில் வரக்கூடிய மாற்று வடிவம்), ஹெட்டிரோசைகஸ் விகிதம் (ஓரிடத்தில் இரண்டு வெவ்வேறு அல்லீல்கள் இருக்கும் நிலை எவ்வளவு என்பது), கிளைப்படம் (செடிகளின் உறவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் மிகச் சுத்தமான கணக்கிலிருந்தே மிகத் தவறான முடிவு வந்துவிடும். பின்னால் எண்களோடு காட்டுகிறேன்.

செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

குளோரியோசா சூப்பர்பா என்பது இதன் தாவரவியல் பெயர். கோல்சிகேசியே குடும்பம். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று இடத்துக்கு ஒரு பெயர். தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பதால், உலகிலிருந்தே மறைந்துவிடும் என்ற அச்சம் இல்லை. ஆனால் ஒரு மலையின், ஒரு கடற்கரை மணல்மேட்டின் தனி மரபுவழி மறைந்துபோக முடியும். நம் கவலை அதைப் பற்றியது.

இதன் மதிப்பு கோல்சிசினில் இருக்கிறது. கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட் நோய்க்குத் தரும் மருந்து அது. 1820இல் பெல்லெட்டியே, கவந்து என்ற பிரெஞ்சு வேதியியலர்கள் இதன் உறவுச்செடியான கோல்சிகம் என்னும் ஐரோப்பியச் செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். செங்காந்தளில் கிழங்கிலும் விதையிலும் அது இருக்கிறது; விதையில்தான் கூடுதல். அதனால் வயலில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கிழங்கு நடுவதற்கு மட்டும்.

செடியின் எல்லாப் பகுதிகளும் கொடிய நஞ்சு. கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. இலையைப் பறித்தாலும் கிழங்கைத் தொட்டாலும் கையுறை வேண்டும். கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. ஆய்வக மாணவர்களுக்கு இதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்போது பூவை அருகிலிருந்து பாருங்கள். மொட்டு தலைகுனிந்து தொங்குகிறது. விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேலே நிமிர்கின்றன; ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு மகரந்தத்தாள்கள் கீழே வட்டமாக விரிகின்றன. சூலகத்தண்டோ, சூலகத்தைவிட்டுப் புறப்படும் இடத்திலேயே செங்கோணமாக வளைந்து பக்கவாட்டில் விலகி நீள்கிறது. தன் மகரந்தம் தன் சூலகமுடியில் எளிதில் விழாதபடி அமைந்த பூ இது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வேறொரு பூவிலிருந்து கொண்டுவர வேண்டும். இந்த வளைவால்தான் வயல்களில் தினமும் காலையில் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூலகமுடியில் தடவுகிறார்கள். அதைச் செய்யாத வயலில் காய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

அடுத்து கிழங்கு. கலப்பைபோல் இரண்டாகக் கவைத்த உருவம். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கவையிலிருந்து கொடி வராது. ஒரு கிழங்கு ஒரு பருவத்தில் இரண்டாகிறது என்று வைத்துக்கொண்டு, எதுவும் அழுகாமல் எல்லாவற்றையும் மீண்டும் மீண்டும் நட்டால், பத்துப் பருவங்களில் 1,024 கிழங்குகள். அத்தனையும் மரபணு அளவில் ஒரே செடி. விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்; விதை முளைப்பதும் தாமதம். ஆகவே எந்த விவசாயியும் கிழங்கையே நடுகிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு நேரெதிர்ப் போக்குகள் இங்கே மோதுகின்றன: பூ அயல் மகரந்தத்தைத் தேடுகிறது, சாகுபடி ஒரே செடியைப் பெருக்குகிறது. வயலின் மரபியல் முழுவதும் இந்த மோதலில் அடங்கியிருக்கிறது.

ஒரே கிழங்கிலிருந்து பிரிந்து வந்த கொடிகள் அனைத்தையும் சேர்த்து இனி ‘வம்சம்’ என்று குறிப்பிடுகிறேன்.

முதல் படி: கேள்வியை ஒற்றை வரியில் எழுதுங்கள்

‘செங்காந்தளின் மரபணுப் பன்முகத்தன்மை’ என்பது தலைப்புத்தான். அதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: ஒரு வட்டாரத்து வயல்களில் எத்தனை வம்சங்கள் இருக்கின்றன? அவை எந்தக் காட்டுக்கூட்டத்திலிருந்து (காட்டில் ஓரிடத்தில் சேர்ந்து வளரும் கொடிகளிலிருந்து) வந்தவை? காட்டில் இருந்து வயலுக்கு வராத அல்லீல்கள் எவை? இந்த மூன்றுக்கும் மாதிரி எடுக்கும் முறை வேறு, செலவும் வேறு. மூன்றையும் ஒரே திட்டத்தில் அடைக்க முயன்றால் எதற்கும் போதிய மாதிரி இருக்காது. ஒருவர் ஒரு பட்ட ஆய்வில் முதல் இரண்டைச் செய்தாலே பெரிய வேலை.

இரண்டாம் படி: அனுமதி

காட்டுக்குள் போவதற்கும் இலை எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பூக்கும் பருவத்துக்கு முந்தைய கோடையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டிருக்கிறது. திருத்திய வடிவத்தைப் படியுங்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தாலும், காப்புரிமை, வணிகப் பயன் என்று போவதாக இருந்தாலும், சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. ஊராட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் உண்டு. அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. மேலும், எந்தப் பாறைச்சரிவில் கொடி இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் படி: கூட்டங்களைத் தேர்ந்தெடுத்தல்

காட்டுக்கூட்டம் என்றதும் அடர்காட்டைத் தேட வேண்டியதில்லை. செங்காந்தள் அடர்நிழலில் அதிகம் இராது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் புதர்க்காடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், வேதாரண்யம் பகுதி போன்ற கடலோர மணற்பாங்கு, ஊர் ஓரத்து முள்வேலி என்று பலவகை நிலத்தில் வளர்கிறது. ஒவ்வொரு வகை நிலத்திலிருந்தும் குறைந்தது இரண்டு கூட்டங்கள் இருக்கட்டும். ஒரே மலையில் ஐந்து கூட்டம் எடுத்துவிட்டு ‘காட்டுச் செடிகள்’ என்று பொதுப்பெயர் கொடுப்பது பல ஆய்வுகளைக் கெடுத்திருக்கிறது.

வேலியில் படர்ந்திருப்பது காட்டுச்செடியா, பக்கத்து வயலிலிருந்து எறியப்பட்ட கிழங்கா? சாகுபடி நடக்கும் வட்டாரத்தில் இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. அத்தகையவற்றை மூன்றாவது பிரிவாக, ‘தெளிவற்றவை’ என்று தனியே வையுங்கள். கணக்கின் முடிவில் அவை எந்தப் பக்கம் சேர்கின்றன என்று பார்ப்பதே ஒரு கண்டுபிடிப்பாக அமையும்.

வயலுக்குப் போகும்போது இலை எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். நான் இதை இரண்டாவது வேலையாகக் கருதுவதில்லை. ஆய்வின் பாதி இதில்தான் இருக்கிறது. ‘ஐயா, இந்த வயலுக்கு விதைக்கிழங்கு யாரிடம் வாங்கினீர்கள்? அவர் எங்கிருந்து கொண்டுவந்தார்? நடுவில் வேறு கிழங்கு சேர்த்தீர்களா? அழுகல் வந்த வருடம் எந்த வரிசை தப்பியது?’ என்று கேளுங்கள். கிழங்கின் விலை அதிகம் என்பதால், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பது பெரும்பாலும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு வரைபடமாக வரைந்துகொள்ளுங்கள். சாகுபடி தொடங்கிய காலத்தில் கிழங்கு காட்டிலிருந்துதான் வந்தது. இடையில் எத்தனை கை மாறியிருக்கிறது என்பது எந்தக் கருவியிலும் தெரியாது, இந்தப் பேச்சில்தான் தெரியும்.

நான்காம் படி: எத்தனை கொடிகள், எவ்வளவு இடைவெளி

ஒரு கூட்டத்துக்கு 30 கொடிகள் என்பது வழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் 5 விழுக்காடு மட்டுமே காணப்படும் அல்லீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருமயச் செடிகள் (ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு நகல்கள் உள்ளவை) 30 என்றால் 60 மரபணு நகல்கள். அந்த அல்லீல் ஒன்றில்கூட அகப்படாமல் தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.95இன் அறுபதாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 4.6 விழுக்காடு. பத்துக் கொடிகள் மட்டும் எடுத்தால் அது 36 விழுக்காடு ஆகிவிடும். இப்போது வயலைப் பாருங்கள். முப்பது கொடிகளும் மூன்றே வம்சங்களைச் சேர்ந்தவை என்றால், நீங்கள் உண்மையில் பார்த்தது ஆறு நகல்கள்; தப்பிப்பதற்கான வாய்ப்பு 73 விழுக்காட்டுக்கும் மேல். இலை முப்பது, தகவல் மூன்று.

காட்டில் கொடிக்குக் கொடி குறைந்தது ஐந்து மீட்டர் விட்டு எடுங்கள். ஒரே கிழங்கின் இரு கவைகளிலிருந்து வந்த கொடிகள் இரட்டைக் கணக்காகிவிடக் கூடாது. அதோடு ஏதேனும் ஓர் இடத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு கட்டம், பத்துக்குப் பத்து மீட்டர், குறித்து அதற்குள் இருக்கும் எல்லாக் கொடிகளையும் எடுங்கள். காட்டில் வம்சங்கள் எவ்வளவு தூரம் படர்கின்றன என்பதை இது காட்டிவிடும். வயலில் வரிசை வாரியாக, மூலைகளையும் நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். விவசாயி ‘இந்த வரிசை வேறு கிழங்கு’ என்று சொன்னால் அதைக் குறித்துக்கொண்டு அங்கே கூடுதலாக எடுங்கள்.

ஐந்தாம் படி: இலை சேகரித்தல்

ஆனி, ஆடியில் நடவு. மழைக்குப் பின் துளிர்த்த இளம் இலைகள் கிடைக்கும் காலம் ஆடி முதல் ஐப்பசி வரை. தை மாசிக்குள் விதை எடுத்து முடிந்து கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். பருவத்தைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று.

நுனியிலிருந்து இரண்டு மூன்று இளம் இலைகள் போதும். கிழங்கைத் தோண்டவே கூடாது, டி.என்.ஏ.வுக்கு அது தேவையும் இல்லை. இலை நுனியிலுள்ள பற்றுச்சுருளைக் கிள்ளிவிட்டு, மெல்லிய காகித உறையில் போட்டு, இலை எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் உள்ள பையில் வையுங்கள். நிறம் மாறும் ஜெல் மணிகள் சில கலந்திருந்தால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். ஒரே நாளில் இலை மொறுமொறுவென்று காய வேண்டும். மழைக்கால ஈரத்தில் இரண்டு மூன்று நாள் இழுத்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும்.

ஒவ்வொரு கொடிக்கும் எண், ஜி.பி.எஸ். இடக்குறிப்பு, உயரம், மண், பூவின் நிறநிலை, கிழங்கின் மூலம் ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள்; மை மழையில் கரைந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் பூவுள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, ஓர் உலர்தாவரத் தொகுப்பில் சேர்த்து எண் பெறுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் உங்கள் முடிவைச் சரிபார்க்க விரும்பினால் அந்தத் தாள்தான் சாட்சி.

ஆறாம் படி: மயநிலையைப் பாருங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. ஒரு செல்லில் குரோமோசோம் தொகுதிகள் எத்தனை என்பதே மயநிலை. செங்காந்தளில் அடிப்படைக் குரோமோசோம் எண் 11. இருமயச் செடிகளில் 22, நான்மயச் செடிகளில் 44, அதற்கு மேற்பட்ட எண்ணிக்கையும் பதிவாகியிருக்கிறது. ஒரே ஆய்வில் 22உம் 44உம் கலந்திருந்தால், எல்லாவற்றையும் இருமயம் என்று கருதும் மென்பொருள் தரும் எண் எதற்கும் பொருள் கிடையாது. கோல்சிசின்தான் உலகெங்கும் பயிர்ப்பெருக்க ஆய்வகங்களில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கப் பயன்படும் பொருள் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் உருவாகவிடாமல் அது தடுக்கிறது. குரோமோசோம்கள் இரட்டித்த பிறகும் செல் பிரியாமல் நின்றுவிடுகிறது.

செல்லிலுள்ள டி.என்.ஏ. அளவைக் காட்டும் பாய்வு செல் அளவி (ஃப்ளோ சைட்டோமீட்டர்) உள்ள ஆய்வகம் கிடைத்தால், கூட்டத்துக்கு ஐந்தாறு பச்சை இலைகளை அங்கே கொடுத்துச் சோதியுங்கள். கிடைக்காவிட்டால், தொட்டியில் வளர்த்த சில கிழங்குகளின் வேர்நுனியில் குரோமோசோம்களை எண்ணலாம். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் ஒரு நல்ல நுண்ணோக்கியே போதும்.

ஏழாம் படி: டி.என்.ஏ. பிரித்தல்

செல்சவ்வைக் கரைக்கும் சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்யும் வழக்கமான முறையே சரிவரும். உலர்ந்த இலை 20 முதல் 30 மில்லிகிராம். கரைசலில் சி.டி.ஏ.பி. 2 விழுக்காடு, சோடியம் குளோரைடு 1.4 மோலார், இ.டி.டி.ஏ. 20 மில்லிமோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், பி.எச். 8.0, பயன்படுத்துவதற்குச் சற்று முன் பீட்டா மெர்காப்டோ எத்தனால் 0.2 விழுக்காடு, கூடவே பி.வி.பி. 1 முதல் 2 விழுக்காடு. 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம். பிறகு குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 கலவையால் கழுவி, மேல்நீரை எடுத்துக் குளிர்ந்த ஐசோபுரொப்பனாலில் டி.என்.ஏ.வைப் படியவைத்து, 70 விழுக்காடு எத்தனாலில் கழுவுவது. வீழ்படிவு வழவழவென்று கோழைபோல் இருந்தால் சர்க்கரைப் பொருள்கள் கலந்திருக்கின்றன. குளோரோஃபார்ம் கழுவலை இன்னொரு முறை செய்யுங்கள். 260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் 1.8 அருகில் இருந்தால் நல்லது. அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்த்து, ஒற்றைப் பட்டையாக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: எந்த அடையாளக்குறி?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடையாளக்குறி என்பது செடிக்குச் செடி வேறுபடும் டி.என்.ஏ. பகுதி. டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்கி ஜெல்லில் பட்டைகளாகப் பார்க்கும் முறைகளில் ஒன்றான ஆர்.ஏ.பி.டி. 1990இல் அறிமுகமானது. மலிவு, பத்து எழுத்துத் தொடக்கி (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒன்றே போதும். ஆனால் இன்று கிடைத்த பட்டை நாளை இன்னொரு கருவியில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இதே வகையைச் சேர்ந்த ஐ.எஸ்.எஸ்.ஆர். அதைவிட நிலையானது. இரண்டிலும் பட்டை உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்கள். ஒரே அல்லீலின் இரு நகல்களா, வெவ்வேறு அல்லீல்களா என்று தெரியாது. கையில் பணம் குறைவு, வம்சங்களைத் தோராயமாக எண்ணினால் போதும் என்றால் ஐ.எஸ்.எஸ்.ஆர். போதும். ஆர்.ஏ.பி.டி.யை மட்டும் நம்பி இன்றைக்கு ஒரு புதிய ஆய்வைத் தொடங்காதீர்கள்.

நுண்துணைக்கோள் எனப்படும் எஸ்.எஸ்.ஆர். அடையாளக்குறிகள் (சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகள்) நடுவழி. குரோமோசோமில் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அல்லீல்களும் தெரியும். நான்மயச் செடியில் நான்கு வரை தெரியும். எட்டு முதல் பத்து இடங்கள் இருந்தாலே வம்சங்களைப் பிரித்துவிடலாம். உறவில்லாத இரண்டு செடிகள் ஓரிடத்தில் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 0.2 என்று கொண்டால், எட்டு இடங்களிலும் ஒத்துப்போக 0.2இன் எட்டாம் அடுக்கு, பத்து லட்சத்துக்கு மூன்றைவிடக் குறைவு. உடன்பிறப்புச் செடிகளில் இந்த வாய்ப்பு பலமடங்கு கூடும் என்பதால் இடங்களைக் குறைக்காதீர்கள்.

பணமும் கணினித் திறனும் இருந்தால் ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் படிக்கும் வரிசையறிதல் முறைக்குப் போகலாம். எதை எடுத்தாலும், பத்தில் ஒரு மாதிரியை இரண்டாம் முறை முழுவதுமாக, டி.என்.ஏ. பிரிப்பதிலிருந்து, ஓட்டுங்கள். உங்கள் பிழைவிகிதம் என்ன என்பது அதில் மட்டுமே தெரியும். அதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: முதலில் வம்சங்களை எண்ணுங்கள்

எல்லா இடங்களிலும் ஒரே அல்லீல்களைக் கொண்ட மாதிரிகளை ஒன்றாகக் கட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் வேறுபடுபவை இருந்தால், அது படிப்புப் பிழையா, கிழங்கில் நேர்ந்த சடுதிமாற்றமா என்று மறு ஓட்டத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். பிறகு இந்த எளிய கணக்கு: வம்சங்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, மாதிரிகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். விளக்கத்துக்காக, ஒரு காட்டுக்கூட்டத்தில் 25 மாதிரிகளில் 22 வம்சங்கள் என்று வைத்துக்கொண்டால் 21/24, அதாவது 0.875. ஒரு வயலில் 25இல் நான்கே வம்சங்கள் என்றால் 3/24, அதாவது 0.125. ஒன்றை நெருங்கினால் கூட்டம் விதையால் பெருகுகிறது. பூஜ்யத்தை நெருங்கினால் கிழங்கால்.

இதைச் செய்யாமல் நேரே ஹெட்டிரோசைகஸ் கணக்குக்குப் போனால் என்ன ஆகும்? ஒரே வம்சத்தால் நிரம்பிய வயல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு செடி பத்து இடங்களில் ஏழில் ஹெட்டிரோசைகஸ். அதன் நகல்களான எல்லாக் கொடிகளும் அதே ஏழில் ஹெட்டிரோசைகஸ். கண்டறிந்த ஹெட்டிரோசைகஸ் விகிதம் 0.7 என்று வரும். அல்லீல்களின் விகிதத்திலிருந்து கணக்கிடும் எதிர்பார்ப்பு விகிதமோ 0.35. காட்டில் விதையால் பெருகும் கூட்டத்தில் கண்டறிந்த விகிதம் 0.5 ஆக இருக்கலாம். அட்டவணையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘சாகுபடியில் பன்முகத்தன்மை அதிகம்’ என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது! உண்மையில் அந்த வயலில் இருப்பது ஒரே ஒரு செடி. ஒரு நோய் அதற்கு ஒத்துவந்தால் ஏக்கர் முழுவதும் போய்விடும். ஆகவே எல்லாக் கணக்கையும் இரண்டுமுறை செய்யுங்கள்: எல்லா மாதிரிகளையும் வைத்து ஒருமுறை, வம்சத்துக்கு ஒன்று என்று வைத்து ஒருமுறை. இரண்டையும் வெளியிடுங்கள்.

பத்தாம் படி: கூட்டங்களை ஒப்பிடுதல்

மாதிரிகளின் எண்ணிக்கை சமமாக இல்லாதபோது அல்லீல் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடக் கூடாது. சிறிய கூட்டத்தின் அளவுக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும். வேறு எந்தக் கூட்டத்திலும் இல்லாமல் ஒன்றில் மட்டும் இருக்கும் தனி அல்லீல்களைப் பட்டியலிடுங்கள். பாதுகாப்புத் திட்டம் போடுகிறவருக்கு இந்தப் பட்டியல்தான் அதிகம் பயன்படும்.

கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டை எஃப்.எஸ்.டி. சொல்கிறது. கணக்கு கடினமில்லை. இரண்டு அல்லீல்கள் உள்ள ஓரிடத்தில், ஒன்றின் விகிதம் முதல் கூட்டத்தில் 0.8, இரண்டாவதில் 0.2. ஒவ்வொன்றிலும் எதிர்பார்ப்பு ஹெட்டிரோசைகஸ் விகிதம் 2 × 0.8 × 0.2 = 0.32. இரண்டையும் கலந்தால் விகிதம் 0.5, எதிர்பார்ப்பு 0.5. வித்தியாசமான 0.18ஐ 0.5ஆல் வகுத்தால் 0.36. அதாவது மொத்த வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. வயல்களுக்கு இடையே இந்த எண் மிகப் பெரிதாக வந்தால் உடனே வட்டார வேறுபாடு என்று முடிவுகட்டாதீர்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு வம்சத்தைப் பெருக்கினாலே அப்படித்தான் வரும்.

வயல் வம்சங்கள் எந்தக் காட்டுக்கூட்டத்தோடு சேர்கின்றன என்று பார்க்க 2000இல் வெளியான ஸ்ட்ரக்சர் என்ற மென்பொருள் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. நகல்கள் நிறைந்த தரவை அதில் போட்டால் ஒவ்வொரு வம்சத்தையும் தனிக்குழுவாகக் காட்டிவிடும். வம்சத்துக்கு ஒன்றாகச் சுருக்கிய தரவையே போடுங்கள். தொடக்கநிலைக் கணக்குகளுக்கு எக்செலோடு இணையும் ஜெனலெக்ஸ் எளிது. மயநிலை கலந்திருந்தாலும் கிழங்கால் பெருகினாலும் ஆர் மொழியில் உள்ள பாப்பர் தொகுப்பு பொருத்தமானது, அதற்கென்றே எழுதப்பட்டது. கிடைத்த படத்தை விவசாயிகளிடம் கேட்டு வரைந்த கொடுக்கல் வாங்கல் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் உங்கள் முடிவு உறுதியாகிறது. ஒத்துப்போகாத இடத்தில் மீண்டும் போய்க் கேட்க ஒரு கேள்வி கிடைக்கிறது.

பதினோராம் படி: கோல்சிசினோடு இணைத்தல்

காட்டிலிருந்து ஒரு விதையும் வயலிலிருந்து ஒரு விதையும் எடுத்துக் கோல்சிசின் அளவை ஒப்பிட்டால், வேறுபாட்டுக்கு மரபணு காரணமா, உரமும் நீரும் காரணமா என்று பிரிக்க முடியாது. எல்லா வம்சங்களையும் ஒரே நிலத்தில், ஏறத்தாழ ஒரே எடையுள்ள கிழங்கால், ஒவ்வொன்றும் மூன்று இடங்களிலாவது வருமாறு நட்டு, குறைந்தது இரண்டு பருவங்கள் பார்க்க வேண்டும். விதையைக் காயவைத்து, உயர்திறன் திரவ வண்ணப்படிவுப் பிரிகையில் (எச்.பி.எல்.சி.), கோல்சிசின் நன்றாக ஒளியை உறிஞ்சும் 350 நானோமீட்டர் அருகே அளக்கலாம்.

வயலில் விதைக்கு எடைக்கணக்கில்தான் விலை. ஆகவே நன்றாகக் காய்க்கும் வம்சம், அழுகலைத் தாங்கும் வம்சம் நிலைக்கிறது. கோல்சிசின் கூடுதலாக உள்ள வம்சம் குறைவாகக் காய்த்தால் யாருக்கும் தெரியாமலே வயலைவிட்டுப் போய்விடும். அது காட்டில் இன்னும் இருக்கிறதா என்று தேடுவதற்கு இந்த ஆய்வு ஒரு நல்ல காரணம்.

பன்னிரண்டாம் படி: முடிவைப் பயன்படுத்துதல்

மாதிரி கொடுத்த விவசாயியிடம், தமிழில், ஒரு தாளில், அவர் வயலில் எத்தனை வம்சங்கள் என்று சொல்லுங்கள். இரண்டே வம்சங்கள் என்றால் அவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வேறு வம்சக் கிழங்குகளை வாங்கி வரிசை மாற்றி நடலாம். கையால் மகரந்தம் தடவும்போது பக்கத்துக் கொடியிலிருந்து எடுப்பதைவிட வேறு வம்ச வரிசையிலிருந்து எடுக்கலாம். ஒரே வம்சத்தின் இரண்டு கொடிகளுக்கிடையே தடவுவது மரபணு அளவில் தன்மகரந்தச் சேர்க்கைதான். ஓரத்தில் ஒரு சிறு பாத்தியில் விதை போட்டு நாற்று வளர்த்தால் நான்கு ஆண்டுகளில் புதிய வம்சங்கள் அவர் கையிலேயே இருக்கும். வேர் அழுகல் வந்த பருவத்தில் எந்த வரிசை தப்பியது என்று அவர் சொன்னது இங்கே பயன்படும்: அந்த வரிசை எந்த வம்சம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

காட்டுக்கூட்டங்களைப் பொறுத்தவரை, தனி அல்லீல்கள் உள்ள இடங்களை வனத்துறையிடம் முன்னுரிமை வரிசையில் கொடுங்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் 1993 முதல் வனத்துறைகள் மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகளை அமைத்திருக்கின்றன. உங்கள் கூட்டங்களில் எவை அவற்றுக்குள் வருகின்றன, எவை வெளியே நிற்கின்றன என்று ஒரு வரைபடம் போதும். இடத்தின் துல்லியக் குறிப்பைப் பொதுவில் வெளியிடாதீர்கள்; கிழங்குக்கு விலை இருக்கும்வரை அது தோண்டுபவருக்கு வழிகாட்டும்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு கெடுதலையும் தடுக்க வேண்டும். குறைந்துபோன காட்டுக்கூட்டத்தைப் பெருக்குவதற்காக வயல் கிழங்குகளைக் கொண்டுபோய் நடுவார்கள். நூறு கிழங்கும் ஒரே வம்சம் என்றால், அந்தச் சிறு காட்டுக்கூட்டம் அதன் மகரந்தத்தில் மூழ்கிவிடும். மயநிலை வேறாக இருந்தால் பிறக்கும் மும்மயச் செடிகள் பெரும்பாலும் மலடாகவே நிற்கும். நடத்தான் வேண்டும் என்றால், அதே மலையின் பல தாய்க்கொடிகளிலிருந்து சிறிது சிறிதாக விதை எடுத்து, நாற்றங்காலில் வளர்த்து, தாய் எண்ணோடு நடுங்கள். நாற்றுகள் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் ஐந்தாம் ஆண்டில் அதே இடத்தில் மீண்டும் 30 கொடிகளின் இலையை எடுத்து, அதே அடையாளக்குறிகளில் ஓட்டி, முதல் ஆண்டின் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். அந்த ஓட்டத்துக்கான செலவையும் முதல் விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.